பன்னிரண்டு புள்ளி சுழி சுழி

மீட்டர் சொன்னது: பன்னிரண்டு புள்ளி சுழி சுழி.
அதற்கு மேல் ஒரு மின்னழுத்தத்திடம்
என்ன ஒழுக்கத்தை எதிர்பார்ப்பது?

வண்ணார்பேட்டை பைபாஸில் என் கடை.
நாலு டயோடு, மூன்றுகால் ஐசி,
அதன் இடுப்பில் இரண்டு ரெசிஸ்டர்.
காது சோதிக்கும் பெட்டிக்கு
சப்ளை செய்து கொடுத்தவள் நான்.
ஹெட்போனை மாட்டியும் பார்த்தேன்,
மேலே காத்தாடி, வெளியே தென்காசி பஸ்.
சுத்தம் என்றேன். பில் போட்டேன்.

பாளையங்கோட்டையிலிருந்து கிறிஸ்டில்டா போன்:
"முன்னீர்பள்ளத்துப் பிள்ள ஒண்ணு, முத்துப்பேச்சின்னு.
டோன் குடுக்காத நேரத்துலயும் பட்டன அமுக்குதா.
பொய்ப்பதில், பொய்ப்பதில்னு எழுதித்
தாளே நெறஞ்சு போச்சு.
பெட்டியவும் ஒருக்கப் பாத்துருங்கக்கா."

போலி ஐசியாக இருக்கும் என்று மாற்றினேன்.
அமுக்கினாள்.
கெப்பாசிட்டரைப் பெரிதாக்கினேன்,
இரண்டாயிரத்து இருநூறுக்குப் பதில் பத்தாயிரம்.
தொட்டி பெரிதானால் அலை அடங்கும்தானே?
முன்னைவிட வேகமாக அமுக்கினாள்.
சவத்த மூதி, என்று பெட்டியைத் திட்டினேன்.
அவள் சிரித்தாள்.
கேட்டதா, என் வாயைப் பார்த்தாளா, தெரியாது.

அப்புறம்தான் அந்த அறைக்குள்
நானே போய் உட்கார்ந்தேன்.
தடித்த கதவு. பஞ்சு வைத்த சுவர்.
முதலில் என் ரத்தம்,
பிறகு கைக்கடிகாரம்,
அதற்கும் அடியில்
மூடின டப்பாவுக்குள் வண்டு போல
ஒன்று.
விநாடிக்கு நூறு.

பேச்சி, நீ பொய் சொல்லவில்லை.

பாலிடெக்னிக்கில் இரவல் வாங்கிய ஸ்கோப்பில்
நேர்கோட்டின் மேல் வரிசையாகக் கருவேல முள்.
ஒவ்வோர் அரைச்சுற்றின் உச்சியிலும்
கெப்பாசிட்டர் ஒரே மடக்கில் குடிக்கிறது;
பெரிய வயிறு, பெரிய மடக்கு.
குடித்தது திரும்பிப் போகும் செம்புப் பாதையில்
காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறது
இரண்டாவது ரெசிஸ்டர்.
சுழி எது என்று ஐசி கேட்கும்போதெல்லாம்
ஆடுகிற தரையைக் காட்டி, இதுதான் என்கிறது.
அங்கே கால் வைத்தது அதுவல்ல, நான்.
ஒன்றரை அங்குலக் கம்பி மிச்சம் பிடித்திருந்தேன்.

பிளேடால் செம்பைக் கீறினேன்.
தனிக்கம்பி இழுத்து
ஆம்பிளிஃபயரின் தரைகள் கூடும் ஒரே புள்ளியில்
அந்தக் காலை ஊன்றினேன்.
அட்ஜஸ்ட் காலுக்குப் பத்து மைக்ரோ,
அது கணக்கில் சேராது.
முள் உதிர்ந்தது.
மீட்டர் சொன்னது: பன்னிரண்டு புள்ளி சுழி சுழி.
நேற்றும் இதையேதான் சொன்னாய்.

மறுநாள் பேச்சி
பட்டனை மடியில் வைத்து உட்கார்ந்தாள்.
கிறிஸ்டில்டா எதுவும் கொடுக்கவில்லை.
விரல் அசையவில்லை.
இருநூற்றைம்பது: அமுக்கினாள்.
ஐந்நூறு: அமுக்கினாள்.
இரண்டாயிரத்தில் தயங்கியது விரல்.
நாலாயிரத்தில் எவ்வளவு ஏற்றியும் சும்மா கிடந்தது.
வரைபடத்தில் கோடு
படித்துறை போல இறங்கிப் போனது.
மேளம் கேட்கும். பஸ் கேட்கும்.
சோறு என்பதில் ஓறு மட்டும் கேட்கும்.

"சொன்ன பேச்சு கேக்க மாட்டாள்னுல்லா
அடிச்சேன்" என்றாள் அவள் அம்மா,
சுவரைப் பார்த்துக்கொண்டு.

பேச்சி ஹெட்போனைக் கழற்றவில்லை.
பெட்டியைக் காட்டினாள், காதைக் காட்டினாள்.
உதட்டை மூடி ம்ம்ம் என்றாள்,
நூறு அல்ல, அவள் தொண்டைக்கு எட்டிய சுருதியில்,
விடாமல், அதே முணுமுணுப்பு.
பிறகு உள்ளங்கையை விரித்தாள்:
எங்க அது?

நான் பெட்டியின் திருகுகளை முறுக்கத் தொடங்கினேன்.
நாலில் ஒன்று குறைந்தது.
மேஜைக்கு அடியில் குனிந்து
அதைத் தேடிக்கொண்டே இருந்தேன்.